சாக்ஸுக்கு எதற்கு வெள்ளி?

‘நானோ சில்வர்!’

இந்த இரண்டு வார்த்தைகள் ஒட்டாத சாமான் ஏதாவது உங்கள் வீட்டில் பாக்கி இருக்கிறதா, ஒரு நடை சுற்றிப் பாருங்கள். சாக்ஸ், பனியன், டூத் பிரஷ், காய்கறி வைக்கிற பிளாஸ்டிக் டப்பா, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், ஏ.சி... 2020-ல் கொரோனா வந்தபோது மாஸ்க்கிலும் ஏறிக்கொண்டது. ‘99.9 சதவிகிதக் கிருமிகளைக் கொல்லும்’ என்று ஒரு வரி. பக்கத்திலேயே ஒரு கேடயம் படம். அந்தக் கேடயத்துக்குத்தான் கூடுதல் விலை! ‘ஏம்ப்பா, சாதா சாக்ஸைவிட இது ஏன் இவ்வளவு ஜாஸ்தி?’ என்று கேட்டால், ‘உள்ளே வெள்ளி இருக்கு மேடம்!’ என்கிறான் கடைப் பையன். அதற்கு மேல் கேட்க நமக்கு வாய் வருவதில்லை.

எப்படி வரும்? பிறந்த குழந்தைக்கு வெள்ளிப் பாலாடை, இடுப்பில் வெள்ளி அரைஞாண், காலில் கொலுசு, கல்யாணச் சீரில் வெள்ளிக் குடம், அறுபதாம் கல்யாணத்துக்கு வெள்ளித் தட்டு என்று வளர்ந்தவர்கள் நாம். ‘வெள்ளி உடம்புக்கு நல்லது’ என்பது யாரும் சொல்லிக் கொடுக்காமலே நம் மனதில் உட்கார்ந்திருக்கிறது. விளம்பரக் கம்பெனிக்குப் பாதி வேலை மிச்சம்.

சரி, வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பொய்யா? இல்லை. நூற்றுக்கு நூறு நிஜம். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. பொய்யாக இருந்தால், ‘போகட்டும், காசுதானே’ என்று விட்டுவிடலாம். நிஜமாகவே கொல்லக்கூடிய ஒரு மருந்தை, தீக்காயம் பட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு உதவுகிற ஒரு மருந்தை, சாக்ஸிலும் சோப்பு டப்பாவிலும் பூசி இப்படி வாரி இறைக்கலாமா என்பதுதான் என் கேள்வி. கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வெள்ளி எப்படிக் கொல்கிறது?

பீரோவில் பத்திரமாகத் துணி சுற்றி வைத்த வெள்ளிக் குத்துவிளக்கை ஆறு மாதம் கழித்து எடுத்தால் கறுத்துப் போயிருக்கிறதே, பார்த்திருக்கிறீர்கள்தானே? யாரும் தொடவில்லை, அழுக்கும் படவில்லை. பின்னே ஏன் கறுத்தது? காற்றில் துளித்துளியாகக் கலந்திருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு என்ற கறுப்புப் படலமாகிவிடுகிறது. வெள்ளி ஸ்பூனால் முட்டை சாப்பிட்டாலும் இதே கதைதான். முட்டையில் கந்தகம் இருக்கிறது. கந்தகத்தைக் கண்டால் வெள்ளி விடவே விடாது. ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.

பாக்டீரியாவின் உயிர் போவதும் இந்த மோகத்தால்தான். அந்தச் சின்ன உடம்புக்குள் மூச்சு விடுவது, தீனியைச் செரிப்பது, உடம்பின் சுவரைக் கட்டுவது என்று எல்லா வேலைகளையும் என்ஸைம்கள் என்கிற புரோட்டீன்கள்தான் பார்க்கின்றன. பல என்ஸைம்களில் முக்கியமான இடத்தில் ஒரு கந்தக அணு இருக்கும். மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணு, அதாவது வெள்ளி அயனி, நேராகப் போய் அதில் ஒட்டிக்கொள்கிறது. பூட்டின் சாவித் துவாரத்தில் யாரோ சூயிங்கத்தை அடைத்துவிட்ட மாதிரி! பூட்டு இருக்கிறது, சாவி இருக்கிறது, கதவு மட்டும் திறக்காது.

அதோடு நிற்பதில்லை. கிருமியின் மேல்தோலில் உள்ள புரோட்டீன்களிலும் அயனி ஒட்டுவதால் தோல் ஓட்டையாகி உள்ளே இருக்கும் சத்து வெளியே கசிகிறது. மூச்சு விடும் இயந்திரம் பாதியில் நிற்பதால், ஆக்ஸிஜன் முறையாகச் செலவாகாமல் காரமான, கண்டதையெல்லாம் எரிக்கிற ரூபத்துக்கு மாறி உள்ளேயே நாசம் செய்கிறது. டி.என்.ஏ.வும் தப்புவதில்லை. பென்சிலின் மாதிரி மருந்துகள் கிருமியை ஓர் இடத்தில்தான் அடிக்கும். வெள்ளி நாலா பக்கமும் அடிக்கிறது. கிருமியால் சுலபமாகத் தப்ப முடியாததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2015-ல் ஜெருசலேமில் உள்ள ஹீப்ரு பல்கலைக்கழக விஞ்ஞானிகள், வெள்ளியால் செத்துப்போன பாக்டீரியாவைக் கழுவி எடுத்து, உயிரோடு இருந்த பாக்டீரியாவோடு கலந்தார்கள். உயிரோடு இருந்ததும் செத்துவிட்டது! செத்த கிருமியின் உடம்பு வெள்ளியைத் தேக்கி வைத்திருந்து மெல்ல மெல்ல வெளியே விட்டிருக்கிறது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். இது செத்தும் கெடுத்த கதை.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். கொல்வது வெள்ளிக் கட்டி இல்லை. அதிலிருந்து கழன்று தண்ணீரில் இறங்கும் அயனி. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2012-ல் இதைச் சோதித்தார்கள். நானோ வெள்ளித் துகள்களை ஆக்ஸிஜனே இல்லாத சூழலில் பாக்டீரியாவோடு சேர்த்து வைத்தார்கள். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் அயனி கழலாது. கிருமிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை! ஆக, நானோ துகள் என்பது துப்பாக்கி மாதிரி. அதற்குள் இருக்கும் அயனிதான் தோட்டா.

அப்படியானால் ‘நானோ’ என்பதில் என்ன விசேஷம்? பரப்பளவுதான். ஒரு சென்டிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள வெள்ளிக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தரை கிராம் இருக்கும். ஆறு பக்கங்களையும் கூட்டினால் அதன் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், ஒரு தபால் தலை அளவு. இதையே 10 நானோமீட்டர் பருமனுள்ள குட்டிக் கட்டிகளாக நறுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே கிட்டத்தட்ட 80,000 நானோமீட்டர்!) இப்போது எல்லாக் குட்டிகளின் பரப்பையும் கூட்டினால் 600 சதுர மீட்டர் வருகிறது. நம் மனைக் கணக்கில் சொன்னால் இரண்டரை கிரவுண்டுக்கும் மேலே. அதே பத்தரை கிராம்தான். ஆனால் அயனி கழன்று வரும் வாசல்கள் பத்து லட்சம் மடங்கு கூடிவிட்டன. பாட்டியின் வெள்ளி டம்ளர் அசடாக இருக்க, நானோ துகள் இவ்வளவு ஆட்டம் போடுவது இதனால்தான்.

இதை வைத்துக்கொண்டு மருத்துவம் என்ன செய்தது என்று பாருங்கள். உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய கதை.

ஜெர்மனியில் லைப்ஸிக் நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் கார்ல் கிரெடே என்று ஒரு டாக்டர் இருந்தார். அந்தக் காலத்தில் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தையின் கண்ணுக்குக் கிருமி தொற்றி, சீழ் பிடித்து, எத்தனையோ குழந்தைகள் பார்வையை இழந்தன. 1880-ல் கிரெடே, பிறந்தவுடனே குழந்தையின் கண்ணில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசலை விடத் தொடங்கினார். நூற்றுக்குப் பத்து குழந்தைகள் என்கிற அளவில் இருந்த நோய், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஒரே ஒரு சொட்டு! உலகம் முழுவதும் பிரசவ வார்டுகளில் அது பரவியது. எத்தனை லட்சம் கண்கள் அதனால் பிழைத்தனவோ.

பிறகு 1940-களில் பென்சிலின் வந்தது. வெள்ளியை எல்லோரும் மறந்துபோனார்கள். ஆனால் தீக்காயத்துக்கு முன்னால் பென்சிலின் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. உடம்பில் வெந்துபோன இடத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ஊசியில் போட்ட மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்? நெருப்பில் தப்பித்தவர்கள் பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் கிருமியால் செத்தார்கள். 1965-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கார்ல் மோயர் என்ற சர்ஜன், அரை சதவிகித சில்வர் நைட்ரேட்டில் நனைத்த துணியைத் தீக்காயத்தின் மேல் போட்டார். படுக்கை விரிப்பு, சுவர், நர்ஸின் கை எல்லாம் கறுப்பாயின. ஆனால் நோயாளிகள் பிழைத்தார்கள். 1968-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபாக்ஸ், வெள்ளியை சல்ஃபாடயசின் என்ற மருந்தோடு சேர்த்து ஒரு களிம்பு செய்தார். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் தீக்காயம் என்று போனால் தடவுகிறார்களே ஒரு வெள்ளைக் களிம்பு, அது இதுதான். ஸ்டவ் வெடித்துச் சேலையில் தீப்பிடித்த பெண்களை எமர்ஜென்சி வார்டில் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் களிம்பின் அருமை தெரியும். 1990-களில் கனடாவில் ராபர்ட் பர்ரெல் என்பவர் நானோ அளவு வெள்ளிப் படிகங்களைப் பூசிய கட்டுத்துணியைக் கண்டுபிடித்தார். தினமும் கட்டை அவிழ்த்துக் காயத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தீக்காயக் கட்டு அவிழ்க்கும்போது எழும் அலறலைக் கேட்டவர்கள் இதன் மதிப்பை ஒரே நொடியில் புரிந்துகொள்வார்கள்.

வெள்ளியை நான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அதற்கும் எல்லை உண்டு. சின்னத் தீக்காயங்களில் அந்த வெள்ளைக் களிம்பு, புதுத் தோல் வளர்வதைத் தாமதப்படுத்துகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. அதனால் இப்போது பல டாக்டர்கள் சின்னக் காயத்துக்கு வேறு கட்டுகளைப் போடுகிறார்கள். சிறுநீர் போகப் பொருத்தும் ரப்பர் குழாய் இருக்கிறதே, அதில் வெள்ளி பூசினால் தொற்று வராது என்று ஆசையாக எதிர்பார்த்தார்கள். பிரிட்டனில் 7,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணக் குழாய்க்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை!

ஏன் இப்படி? சோதனைச் சாலையில் சுத்தமான தண்ணீரில் வெள்ளி 99.9 சதவிகிதம் கொல்கிறது. நம் உடம்போ உப்பும் புரோட்டீனும் கலந்த குட்டை. உப்பில் உள்ள குளோரைடு, வெள்ளி அயனியைப் பிடித்து சில்வர் குளோரைடாக்கிப் படிய வைத்துவிடும். வியர்வையில் உப்பு, சிறுநீரில் உப்பு, ரத்தத்தில் புரோட்டீன். தோட்டா இலக்கைத் தொடும் முன்னாலேயே பாதி வீணாகிவிடும். டாக்டர்கள் அளவு பார்த்து, இடம் பார்த்து வைக்கும்போதே இந்தக் கதி. அப்படியிருக்க, வியர்த்து வழிகிற காலில் மாட்டும் சாக்ஸின் ‘99.9’ எந்தத் தண்ணீரில் அளந்த கணக்கு என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்களேன்! ஃபிரிட்ஜின் பிளாஸ்டிக் சுவரில் வெள்ளி இருந்தால் அந்தச் சுவரைத் தொட்ட கிருமிக்கு வேண்டுமானால் ஆபத்து. நடுவில் வைத்திருக்கும் முந்தாநாள் சாம்பாருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சாக்ஸ் என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். என்னிடம் வரும் ரிடையர்டு ஹெட்மாஸ்டர். இருபது வருஷ சர்க்கரை. வெளிநாட்டில் இருக்கும் மகன் வெள்ளி இழை போட்ட சாக்ஸ் அரை டஜன் அனுப்பியிருந்தான். சார் பெருமையாகக் காலைக் காட்டினார். ‘இதுல கிருமியே தங்காதாம் டாக்டர். மூணு நாள் துவைக்காம போட்டாலும் நாத்தம் வராது!’ நாற்றம் வரவில்லைதான். கழற்றச் சொன்னேன். சுண்டு விரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் உடைந்து, சுற்றிலும் சிவந்து, நசநசவென்று இருந்தது. ‘வலிக்கலியா சார்?’ என்றால், ‘வலியே இல்லையே!’ என்கிறார். சர்க்கரையில் நரம்பு மரத்துப்போனவருக்கு வலி எப்படித் தெரியும்? முன்பெல்லாம் தினம் ராத்திரி காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்ப்பாராம். வெள்ளி சாக்ஸ் வந்த பிறகு அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. அதைத்தான் வெள்ளி பார்த்துக்கொள்கிறதே! ‘சாதா காட்டன் சாக்ஸ் போதும்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். என் பேச்சு எங்கே எடுபடுது டாக்டர்?’ என்றார் அவர் மனைவி. மூன்று வாரம் கட்டுப் போட்டு ஆறியது, விரல் பிழைத்தது. முதல் பத்து நாள் நாங்கள் வைத்த கட்டில் என்ன இருந்தது தெரியுமோ? வெள்ளி! அதே வெள்ளிதான். இடம் வேறு, அளவு வேறு, கண்ணால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு.

சாக்ஸில் இருக்கும் வெள்ளி அங்கேயே இருக்கிறதா என்றால் அதுவும் சந்தேகம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2008-ல் ஆறு விதமான வெள்ளி சாக்ஸை வாங்கி வந்து, தண்ணீரில் அலசி அலசிப் பார்த்தார்கள். சில சாக்ஸில் வெள்ளி கெட்டியாக ஒட்டியிருந்தது. சிலவற்றில் நாலே அலசலில் கிட்டத்தட்ட மொத்த வெள்ளியும் தண்ணீரோடு போய்விட்டது! நாலு தடவை துவைத்தால் காட்டன் சாக்ஸ், ஆனால் நீங்கள் கொடுத்தது வெள்ளி விலை. எது எந்த ரகம் என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

போன வெள்ளி சாக்கடைக்குப் போகிறது. அங்கே கந்தகத்துக்குப் பஞ்சமில்லையே! பெரும் பகுதி சில்வர் சல்ஃபைடாகி, உங்கள் குத்துவிளக்கின் கறுப்பு மாதிரியே அடங்கிவிடும். ஆகவே ஆற்று மீனெல்லாம் செத்துவிடும் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன். என் பயம் வேறு. கிருமியைச் சாகடிக்கப் போதாத அளவில், அதன் பக்கத்திலேயே எப்போதும் கொஞ்சம் வெள்ளி இருந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? அது பழகிக்கொள்ளும். ஆன்டிபயாடிக்கை அரைகுறையாகச் சாப்பிட்டு நாம் செய்த அதே காரியம்.

நடக்கவே நடக்காது என்று சொல்பவர்கள் உண்டு. நாலா பக்கமும் அடிக்கிற மருந்தாயிற்றே! ஆனால் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டு. சில்வர் நைட்ரேட்டை நம்பித்தான் அங்கே சிகிச்சை. சால்மொனெல்லா என்ற கிருமி ஒன்று அந்த வெள்ளியை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நோயாளிகளிடம் பரவியது. மூன்று பேர் இறந்தார்கள். 1975-ல் இதை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். அதைவிடக் கவலைப்பட வேண்டியது, அதே கிருமி ஆம்பிசிலினுக்கும் குளோரம்ஃபெனிகாலுக்கும் அசையவில்லை. 1999-ல் அதன் ரகசியத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். (பார்த்த விஞ்ஞானியின் பெயர் சைமன் சில்வர். நிஜப் பெயர்தான்!) கிருமிக்குள் பிளாஸ்மிட் என்ற வளையம் ஒன்று இருந்தது. உள்ளே வரும் வெள்ளியைப் பிடித்து வைக்கவும், பம்பு போட்டு வெளியே இறைக்கவும் தேவையான ஜீன்கள் அதில் வரிசையாக இருந்தன. இந்த வளையத்தை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியும். ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் ஜீன்களும் அதே வளையத்தில் கூடவே சவாரி செய்யலாம். அப்போது வெள்ளியைப் பூசப் பூச, ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியையும் சேர்த்துத்தான் வளர்க்கிறோம்.

2018-ல் செக் நாட்டில் ஓலோமோட்ஸ் நகர விஞ்ஞானிகள் இன்னொன்றைக் கண்டார்கள். ஈ.கோலை போன்ற பாக்டீரியாவுக்குத் திரும்பத் திரும்பக் கொஞ்சம் கொஞ்சமாக நானோ வெள்ளியைக் காட்டிக்கொண்டே வந்தார்கள். ஜீனில் ஒரு மாறுதலும் இல்லை. ஆனால் கிருமி ஃபிளாஜெல்லின் என்ற பிசினைச் சுரந்து, வெள்ளித் துகள்களையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்கிவிட்டது. துகள் கட்டியானால் பரப்பு போச்சு. இரண்டரை கிரவுண்டு மறுபடி தபால் தலையாகிவிட்டது! எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். மாதுளம் பழத் தோலின் சாறு அந்தப் பிசின் சுரப்பதைத் தடுக்கிறது என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். உடனே மாதுளந்தோலை அரைத்துப் பூசக் கிளம்பிவிடாதீர்கள். அது சோதனைக் குழாயில் நடந்தது.

இன்றைய தேதிக்கு வெள்ளிக்கு அடங்காத கிருமி ஆஸ்பத்திரிகளில் பெரிய அலையாக வந்துவிடவில்லை. நியாயமாகச் சொன்னால் அதுதான் நிலைமை. ஆனால் அந்த பம்பு ஜீன்களை க்ளெப்ஸியெல்லா, என்டரோபாக்டர் போன்ற ஆஸ்பத்திரிக் கிருமிகளில் ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள். வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு மணல் மூட்டை தேடுவதில் அர்த்தமில்லை.

சட்டம் என்ன செய்யலாம்? மற்ற நாடுகளில் கொஞ்சம் விழித்திருக்கிறார்கள். துணிக்கு வெள்ளி அயனி விடும் வாஷிங் மெஷின் வந்தபோது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2007-ல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கிருமியைக் கொல்ல அயனியை வெளியேவிடும் மெஷினைப் பூச்சிக்கொல்லி மருந்து மாதிரி பதிவு செய்ய வேண்டும் என்றது. ஐரோப்பிய நாடுகளில் 2013 செப்டம்பர் முதல், கிருமிநாசினி சேர்த்த பொருளில் நானோ இருந்தால் அதை லேபிளில் எழுதியாக வேண்டும். நம் ஊரிலும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘நானோ சில்வர்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிற கம்பெனி, எவ்வளவு வெள்ளி, இருபது தடவை துவைத்த பிறகு எவ்வளவு மிச்சம், எந்தக் கிருமிக்கு எதிராக எந்த நீரில் சோதித்தார்கள் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடட்டும். பிஸ்கெட் பாக்கெட்டில் சர்க்கரை எவ்வளவு என்று போடும்போது இதில் என்ன கஷ்டம்?

‘அப்போ எங்க வீட்டு வாட்டர் ஃபில்டர்ல இருக்கிற வெள்ளி?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அங்கே வெள்ளிக்கு நிஜமான வேலை இருக்கிறது. 2009-ல் டாடா கம்பெனி ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ஃபில்டரைக் கொண்டுவந்தது. நெல் உமிச் சாம்பலில் நானோ வெள்ளியைச் சேர்த்த சரக்கு அது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2013-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இன்னும் சாமர்த்தியமானது. போர் தண்ணீரில் உள்ள உப்பும் சிலிக்காவும் நானோ துகள் மேல் படிந்து அதன் வாயை அடைத்துவிடும் என்பதுதான் இந்த ஃபில்டர்களின் பெரிய தொல்லை. பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கதைதான். அவர்கள் துகள்களை அலுமினியச் சேர்மமும், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானும் கலந்த ஒரு கூட்டுக்குள் வைத்து, படிவு சேராமல், அயனி ஒரே சீராகக் கழன்று வரும்படி செய்தார்கள். தண்ணீரில் வெள்ளி, நூறு கோடியில் 40 பங்கு. உலக சுகாதார நிறுவனம் பாதகமில்லை என்று சொல்லும் அளவு நூறு கோடியில் 100 பங்கு. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு இரண்டரை டாலர் செலவு என்று கணக்குப் போட்டார்கள். வெள்ளியை அளந்து, தேவையான இடத்தில், ஏழைக்கு எட்டுகிற விலையில் வைப்பது என்றால் இதுதான்.

ஆனாலும் ஃபில்டரில் வெள்ளி இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சான்றுகளையெல்லாம் பார்த்துவிட்டு, குடிநீரைச் சுத்திகரிக்க வெள்ளியை மட்டும் நம்புவதற்கு ஆதாரம் போதவில்லை என்று சொல்லிவிட்டது. வெள்ளி மெதுவாக வேலை செய்யும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளின் கெட்டியான முட்டை உறையிடம் அதன் பாச்சா பலிக்காது. பல ஃபில்டர்களில் வெள்ளி சேர்ப்பதே, கார்ட்ரிட்ஜுக்குள் கிருமி குடித்தனம் நடத்தாமல் பார்த்துக்கொள்ளத்தான். கார்ட்ரிட்ஜின் ஆயுள் முடிந்த பிறகு, ‘இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம்’ என்று நீங்கள் ஓட்டினால் அந்தக் காவல்காரனும் கிடையாது.

கடைசியாக, வெள்ளியைக் குடிக்கிற பைத்தியம். ‘கொலாய்டல் சில்வர்’ என்று பாட்டிலில் வருகிறது. தினம் ஒரு ஸ்பூன் குடித்தால் சளி முதல் கேன்சர் வரை ஓடிப்போகும் என்று வாட்ஸ்அப்பில் வேறு வருகிறது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 1999-லேயே இதற்குப் பலனும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்று தள்ளிவிட்டது. உள்ளே போன வெள்ளி தோலில் படிந்து, வெயில் பட்டதும் பழைய போட்டோ பிலிம் மாதிரி கறுக்கும். சாம்பல் கலந்த நீல நிறம், திரும்பவும் மாறாது. அப்படி முகம் முழுக்க நீலமாகிப்போன அமெரிக்கர் ஒருவரை 2008-ல் டி.வி.யில் உலகமே பார்த்தது. வீட்டிலேயே வெள்ளிக் கரைசல் தயாரித்து வருஷக்கணக்கில் குடித்தவர் அவர். வெள்ளிக் கட்டு போடுவது வேறு, வெள்ளியைக் குடிப்பது வேறு. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு யாராவது சிபாரிசு செய்தால், அவர் எவ்வளவு நெருங்கின சொந்தமானாலும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

பாட்டியின் வெள்ளிப் பாலாடை, தாத்தாவின் வெள்ளி டம்ளர் எல்லாம் என்ன ஆவது? தாராளமாகப் புழங்குங்கள். அதிலிருந்து கழலும் அயனி ரொம்பச் சொற்பம். நல்லதும் பெரிதாக இல்லை, கெட்டதும் இல்லை. ‘வெள்ளிதானே’ என்று கழுவாமல் மட்டும் வைக்காதீர்கள். பாலாடையின் மூக்கில் காய்ந்த பால் ஒட்டியிருந்தால் அது எந்த உலோகமானாலும் குழந்தைக்கு வயிற்றுப்போக்குதான். ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள். பாரசீக மன்னர் ஸைரஸ் போருக்குப் போகும்போது வெள்ளிப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுபோனார் என்று வெள்ளி வியாபாரிகள் சொல்லாத நாளில்லை. கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்த சேதிதான் அது. அதே இடத்தில் அவர் எழுதிய இன்னொரு விஷயத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் பாத்திரத்தில் ஊற்றினார்களாம்!